மச்சானுக்கும் சேர்த்து வாங்கும் கையெழுத்து

கேள்வி: நியூஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு அக்டோபரும் நியூயார்க் காமிக் கான் என்ற காமிக்ஸ் கண்காட்சிக்குப் போகிறேன். இரண்டு வருடமாக டெக்சாஸிலிருந்து மச்சானும் வருகிறார். ஓவியர்களிடம் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கி, தரம் பார்க்க அனுப்பி, பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்றால் நல்ல லாபம் என்பது அவர் யோசனை. பாதிப் பாதி பங்கு. இதுவரை 60 புத்தகம் ஆகிவிட்டது. 14 விற்றது, அந்தப் பணம் நாங்கள் இருவரும் தங்கிய ஓட்டலுக்கே சரியாகப் போனது. எல்லாம் என் கிரெடிட் கார்டில்தான். இப்போது பாக்கி 7,800 டாலர், வட்டி 24%. மாதம் 250 கட்டுகிறேன், குறைகிற மாதிரியே தெரியவில்லை. மச்சான் ஒரே ஒரு தடவை 600 கொடுத்தார். போன முறை ஒரு மூத்த ஓவியர் கையெழுத்துக்கு 40 டாலர், தரத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 60 என்றார். "மூன்று புத்தகம் 120க்குப் போடுங்கள்" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவிக்கு ரொம்ப சங்கடம். வரும் அக்டோபரில் எப்படிப் பேரம் பேசினால் படியும்? செலவு குறைந்தால் லாபம் வந்துவிடும் என்று மச்சான் சொல்கிறார். ஒரே காமிக்ஸ் புத்தகத்தைப் பலர் சேர்ந்து பங்கு பங்காக வாங்கி முதலீடு செய்யும் ஒரு செயலியையும் காட்டுகிறார்.

பதில்: பேரம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது, "எல்லாம் என் கார்டில்தான்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி.

முதலில் ஒரு புத்தகத்தின் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் உள்ள எண்களையே தோராயமாக எடுத்துக்கொள்கிறேன். சிறப்பு அட்டைப் புத்தகம் 25 டாலர். கையெழுத்து 60. ஓவியர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்க்கும் சாட்சிக்குக் கட்டணம், புத்தகத்தை அழுத்தித் தட்டையாக்குவது, தரம் பார்ப்பது, போக வரத் தபால் எல்லாம் சேர்த்து 65. ஆக 150. உங்கள் புத்தகங்களில் நன்றாகப் போனது 190க்கு விற்றிருக்கிறது. அதில் ஈபே போன்ற தளம் சுமார் 13% எடுக்கும், அது 25. பெட்டி கட்டி அனுப்ப 15. கைக்கு வருவது 150. போட்டது வந்தது, அவ்வளவுதான். இதற்கிடையில் அந்த 150 ஆறு மாதம் கார்டில் கிடந்திருக்கிறது, வட்டி 18 டாலர். நன்றாக விற்ற புத்தகத்திலேயே 18 டாலர் நஷ்டம்.

எல்லாப் புத்தகமும் பத்துக்கு 9.8 தரத்தில் வருவதில்லை. 9.6, 9.4 என்று வந்தால் புதுப் புத்தகங்களுக்கு விலை சட்டென்று விழும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படி வந்ததை 120க்குத் தள்ளியிருக்கிறீர்கள். கழித்துப் பாருங்கள்: 120இல் 16 போய், 15 போய், 89. வட்டியையும் சேர்த்தால் ஒரு புத்தகத்தில் ஏறக்குறைய 80 டாலர் போச்சு.

இப்போது பேரத்தைக் கொண்டுவந்து வைப்போம். அந்த ஓவியர் மனமிரங்கி 10 டாலர் குறைத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18 நஷ்டம் 8 நஷ்டம் ஆகும், 80 நஷ்டம் 70 ஆகும். 20 குறைத்தாலும் நல்ல புத்தகத்தில் 2 டாலர் மிஞ்சும். உங்கள் நேரம், பயணம், ஓட்டல் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஓவியரைக் கசக்கி இந்த வியாபாரத்தை லாபமாக்க முடியாது.

இனி அந்தக் கார்டுக்கு வருகிறேன். 60 புத்தகத்தில் 30 மச்சானுடையது. 30 × 150 = 4,500. அவர் கொடுத்தது 600. மிச்சம் 3,900. உங்கள் கார்டு பாக்கி 7,800இல் சரியாகப் பாதி அவருடைய கடன். அதற்கு மட்டும் மாதம் 78 டாலர் வட்டியை உங்கள் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் இதைப் பாதிப் பாதி பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இது 24% வட்டிக்கு வாங்கி, வட்டியில்லாமல், தேதியும் இல்லாமல் கொடுத்த கைமாத்து. விற்றால் பாதி லாபம் அவருக்கு, விற்காவிட்டால் முழுச் சுமையும் உங்களுக்கு. விற்பனைக் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் வரிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். லாபம் வந்த விற்பனையில் அவர் பாதியும் உங்கள் வருமானமாகத்தான் தெரியும்.

மச்சான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும்போது யார் கார்டு நீட்டப்படுகிறதோ அவருக்குத்தான் வலி தெரியும், மற்றவருக்கு "இன்னும் ரெண்டு எடுத்துக்கலாம் அத்தான்" என்று சொல்வது சுலபம். இத்தனை புத்தகம் சேர்ந்தது அப்படித்தான். உங்களுக்கு ஆசையாக எத்தனை வாங்கியிருப்பீர்கள்? ஐந்தாறு? மற்றது அத்தனையும் பங்குக்காக வாங்கியது.

மாதம் 250 கட்டியும் குறையவில்லை என்கிறீர்கள். 7,800க்கு 24% என்றால் மாத வட்டி மட்டும் 156. அசலில் கழிவது 94 டாலர். இந்த வேகத்தில், புதிதாக ஒரு டாலர் கூடத் தேய்க்காமல் இருந்தால், முடிய 4 வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் சுமார் 4,500. அதே கடனை மாதம் 650 கட்டினால் 14 மாதத்தில் முடியும், வட்டி சுமார் 1,200. இடையில் உள்ள 3,300 டாலர்தான் நீங்கள் தேட வேண்டிய லாபம். அதற்கு எந்த ஓவியரிடமும் வரிசையில் நிற்க வேண்டாம்.

650 எங்கிருந்து வரும்? உங்களிடம் விற்காத புத்தகம் 46 இருக்கிறது. அதில் 23 மச்சானுடையது. முதலில் அவருடையதை விற்கிறீர்கள். அடுத்த படத்தில் இந்தக் கதாபாத்திரம் வரும், அப்போது விலை ஏறும் என்று அவர் சொல்வார். அந்த நம்பிக்கை அவருக்கு இருந்தால் ஒரு புத்தகத்துக்கு 150 வீதம் அவரே உங்களிடம் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் விற்பனைக்குப் போகட்டும். விலையை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். சராசரியாகக் கைக்கு 90 வந்தால் 23 புத்தகத்துக்கு ஏறக்குறைய 2,070. அது அப்படியே கார்டுக்குப் போக வேண்டும், ஓட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் போகக் கூடாது. மச்சான் பாக்கி 1,830. மாதம் 150 வீதம் ஒரு வருடம் கொடுத்தால் ஏறக்குறைய தீரும். இதைத் தொலைபேசியில் பேசிவிட்டு, அன்றைக்கே தொகையையும் தேதியையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள். அதை உங்கள் மனைவியிடம் முதலில் காட்டிவிடுங்கள். அவருடைய தம்பி விஷயம் அவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. பங்கு என்று ஆரம்பித்த பேச்சு குடும்பத்தில் மனக்கசப்பாக முடிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் பேசினால் அந்த அளவுக்குப் போகாது.

சரி, ஓவியர் முகம் ஏன் சுருங்கியது என்பதற்கு வருகிறேன். இதை நீங்கள் புரிந்துகொண்டால் பேரமும் தானாகச் சரியாகிவிடும்.

அமெரிக்க காமிக்ஸில் வரைபவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெரிய நிறுவனங்களில் கதாபாத்திரம் நிறுவனத்தின் சொத்து. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வயதான காலத்தில் இருவரும் கஷ்டப்பட்டார்கள். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் ஊரறியப் போராடிய பிறகுதான் 1975இல் சூப்பர்மேன் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் ஓய்வூதியம் கொடுக்க ஒப்புக்கொண்டது. மருத்துவச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் வழியில்லாத காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவவே ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறக்கட்டளை 2000இலிருந்து இயங்குகிறது. சில ஓவியர்கள் கையெழுத்துக்குக் காசு கேட்காமல் அதன் உண்டியலை மேசையில் வைத்திருப்பார்கள். எண்பதுகளில் வரைந்த ஒரு புத்தகத்தை இன்று நீங்கள் 190க்கு விற்றால், வரைந்தவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. மேசையில் அவர் கேட்கும் காசுதான் அந்தப் பிரதியிலிருந்து இன்று அவர் கைக்கு வருவது. அவர் ஊர்விட்டு வந்து, மேசை போட்டு, மூன்று நான்கு நாள் உட்கார்ந்திருக்கும் செலவும் அதற்குள்தான்.

தரத்துக்கு அனுப்பும் புத்தகத்துக்கு ஏன் 20 கூடுதல் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தரம் பார்க்கும் சிஜிசி நிறுவனம் கையெழுத்து உண்மை என்று ஒட்டும் மஞ்சள் லேபிள் வேண்டுமானால் கையெழுத்துப் போடும்போது அவர்கள் சாட்சி பக்கத்தில் நிற்க வேண்டும். சாட்சியைப் பார்த்ததுமே இது அலமாரிக்குப் போகும் புத்தகமா சந்தைக்குப் போகும் புத்தகமா என்று ஓவியருக்குத் தெரிந்துவிடும். சந்தைக்குப் போவதில் தனக்கும் ஒரு பங்கு கேட்கிறார். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பங்கைத்தான் குறைக்கக் கேட்டீர்கள், அதுவும் பின்னால் வரிசை நிற்கும்போது.

நேர்மையான பேரத்துக்கு வழி இருக்கிறது. "என் பெயரைச் சேர்த்து எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெயர் எழுதிய புத்தகத்தை வாங்க ஆள் குறைவு என்பதால் பல ஓவியர்கள் அதற்குக் குறைவாக வாங்குகிறார்கள், சிலர் காசே வாங்குவதில்லை. அவர் மேசையில் விற்கும் அச்சுப் படம் ஒன்றையோ சின்ன ஓவியத்தையோ வாங்கிவிட்டு, இந்த ஒரு புத்தகத்திலும் போட்டுத் தருவீர்களா என்று கேட்கலாம். முதல் ஒன்றிரண்டு இலவசம், அதற்கு மேல் காசு என்று பலகை வைத்திருப்பவர்களிடம் அந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம். விலைப் பலகை இருந்தால் அதுதான் விலை. கட்டுப்படவில்லை என்றால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகர்வதில் தப்பே இல்லை.

ஒன்று கவனியுங்கள், இந்த வழி எதுவும் மறுவிற்பனைக்கு உதவாது. நீங்கள் ரசிகராகப் போனால் மட்டுமே செலவு குறையும்.

மஞ்சள் லேபிள் என்றாலே முதலீடு என்ற பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேனா பிடிக்கும் கை இருக்கும்வரை புதுக் கையெழுத்து வந்துகொண்டே இருக்கும். பிரபலமான ஒருவர் ஒரே வார இறுதியில் நூற்றுக்கணக்கில் போடுகிறார், அடுத்த மாதம் இன்னொரு ஊரில் போடுகிறார். இதில் அபூர்வம் எங்கே? தொண்ணூறுகளிலும் இப்படித்தான் நம்பினார்கள். 1991இல் ஜிம் லீ வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தவர்கள் இருந்தார்கள். இன்றும் அது சல்லிசாகக் கிடைக்கிறது. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

பங்கு பங்காக வாங்கும் செயலிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். புத்தகம் உங்கள் கையில் இருக்காது, எப்போது விற்பது என்பதும் உங்கள் கையில் இருக்காது, கட்டணம் மட்டும் நிச்சயம். 24% கடன் இருக்கும்போது எந்த முதலீடும் அந்தக் கடனை அடைப்பதற்கு ஈடாகாது. மச்சான் அதில் போட விரும்பினால் அவர் பணத்தில் போடட்டும்.

அக்டோபருக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்காட்சி நடக்கும் ஜாவிட்ஸ் சென்டருக்கு நியூஜெர்சியிலிருந்து ரயிலில் போய் வந்தால் ஓட்டலே தேவையில்லை, ஒரு நாள் டிக்கெட் போதும். 200 டாலர் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். நாலைந்து புத்தகம், எல்லாம் உங்கள் பெயர் எழுதி வாங்குவது. மச்சான் வருவதாக இருந்தால் அவர் புத்தகத்துக்கு அவர் பணம், அவர் வரிசை. போன முறை முகம் சுருங்கிய அந்த மூத்தவர் இந்த முறையும் வந்திருந்தால் அவர் கேட்கும் 40ஐ அப்படியே கொடுங்கள். 60 கேட்க மாட்டார், பக்கத்தில் சாட்சி நிற்கப் போவதில்லையே.