குடோனுக்கு ரக்கட் ஹேண்ட்ஹெல்ட் புதுசா வந்திருக்கு, ஆளுங்க கைல குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணனும்?

நீங்க கேட்டது இதுதான்: மருந்தும் உணவுப் பொருளும் வைக்கிற குடோன், கோல்ட் ரூமும் இருக்கு, ஆண்ட்ராய்டு ரக்கட் ஹேண்ட்ஹெல்ட் (பார்கோடு ஸ்கேன் பண்ற, அடி தாங்கற கை மெஷின்) 24 பீஸ் வந்திருக்கு, பெட்டிய பிரிச்சு அப்படியே பிக்கிங் (ஆர்டருக்கு சரக்கு எடுக்கற) ஆளுங்ககிட்ட குடுத்துடலாமா, கீழ போட்டாலும் உடையாது தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சேல்ஸ்காரர் சொன்னாரே அது நெஜமா.

குடுத்துடாதீங்க. ரெண்டு நாள் லேட்டானாலும் பரவால்ல, மேனேஜ்மென்ட்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. நான் ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு குடோன், அப்புறம் ஒரகடம்னு ஒம்பது வருஷமா இந்த ஹெச்ஹெச்டிங்களோடதான் (ஹேண்ட்ஹெல்ட் டெர்மினல், இதே மெஷின்தான்) வேலை பாக்கறேன், எங்க ஃப்ளோர்ல எல்லாரும் இத கன்னு (இங்கிலீஷ்ல துப்பாக்கி) அப்படின்னுதான் சொல்லுவாங்க. இதுல நான் பார்த்த பெரிய நஷ்டம் எதுவுமே கீழ விழுந்து உடைஞ்சதால வந்தது இல்ல, முதல் நாள் அவசரத்துல செட்அப்ப அரைகுறையா விட்டதால வந்ததுதான்.

முதல்ல அந்த உடையாதுங்கற பேச்சு. பெட்டி மேல மில் ஸ்டேண்டர்டு 810ஜின்னு (அமெரிக்க ராணுவத்தோட டெஸ்ட் தரம்) போட்டிருப்பாங்க. அதுல வர்ற டிராப் டெஸ்ட் என்னன்னா சுமார் 1.22 மீட்டர், அதாவது நாலடி உயரத்துல இருந்து 26 தடவை போடுவாங்க, ஒவ்வொரு பக்கமும் ஓரமும் மூலையும் அடிபடற மாதிரி. ஆனா விழற இடம் காங்கிரீட் மேல பரப்பின ரெண்டு இஞ்ச் பிளைவுட், அந்த 26 அடியையும் ஒரே பீஸ் வாங்கணும்னு கட்டாயமும் இல்ல, அஞ்சு பீஸ் வரைக்கும் பிரிச்சுக்கலாம். இதுபோக சில கம்பெனிங்க 1.5 மீட்டர்ல இருந்து நேரடியா காங்கிரீட்லயே போட்டுப் பார்த்தோம்னு தனியா எழுதியிருப்பாங்க, அது நல்ல விஷயம், ஆனா அதுவும் நிக்கற ஆள் கைல இருந்து நழுவற உயரம்தான். உயர ரேக்ல சரக்கு எடுக்கற ரீச் டிரக் மேல இருந்து ரேக் மூணாவது லெவல் உயரத்துல விழுந்தா எந்த டெஸ்டும் காப்பாத்தாது. அதனால கைப்பட்டையும் இடுப்பு உறையும் சேர்த்து ஆர்டர் போடுங்க, அதுக்கு ஆகற காசு ஒரு டிஸ்பிளே மாத்தற செலவுல கொஞ்சம்தான்.

தண்ணி விஷயத்துல இன்னும் கவனமா இருங்க. ஐபி67ன்னு (தூசி, தண்ணி எவ்ளோ தாங்கும்னு சொல்ற தர எண்) போட்டிருந்தா முதல் எண் 6, தூசி உள்ள போகாது. ரெண்டாவது எண் 7, ஒரு மீட்டர் நல்ல தண்ணில அரை மணி நேரம் முங்கி இருந்தா தாங்கும். பைப்ல பீய்ச்சி அடிக்கற தண்ணிக்கு 5, 6ங்கற எண் தனியா இருக்கணும், 7 இருந்தா 5 தானா வந்துடும்னு அர்த்தம் இல்ல, இது நெறைய பேருக்குத் தெரியாது. முக்கியமா இந்த எண்ணெல்லாம் பேட்டரி கதவு சரியா கிளிக் ஆகி, சார்ஜிங் ஓட்டைய மூடற ரப்பர் மூடி ஒழுங்கா இருக்கற வரைக்கும்தான். நான் முன்னாடி இருந்த இடத்துல கிரேடில் (கன்ன சொருகி சார்ஜ் ஏத்தற ஸ்டாண்டு) கம்மியா வாங்கினாங்க, பசங்க மொபைல் சார்ஜர் கேபிளையே சொருகி சொருகி எடுத்து, ஆறு மாசத்துல பாதி கன்னுல அந்த ரப்பர் பிஞ்சு தொங்கிச்சு, அப்புறம் தரை துடைக்கற தண்ணி பட்டே மூணு கன்னு செத்துப்போச்சு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு டெஸ்ட் பண்ண பொருள் அது, எனக்கு மனசே ஆறல. கன்னு எத்தனையோ அத்தனை கிரேடில் இருக்கணும், கேபிள் ஃப்ளோருக்கே வரக்கூடாது.

இப்ப செட்அப்புக்கு வர்றேன். பெட்டில இருந்து எடுத்து ஆன் பண்ணதும் வெல்கம் ஸ்கிரீன் வரும்ல, அங்க நெக்ஸ்ட் அழுத்தாதீங்க, வெத்து இடத்துல ஒரே எடத்தையே ஆறு தடவை தட்டுங்க, கியூஆர் படிக்கற கேமரா தொறக்கும், உங்க எம்டிஎம் சாஃப்ட்வேர் (எல்லா கன்னையும் ஒரே எடத்துல இருந்து கட்டுப்படுத்தறது) குடுக்கற கியூஆர காட்டினா கன்னு முழுசா கம்பெனி கட்டுப்பாட்டுக்குள்ள வந்துடும். இத புது பீஸ்ல, இல்ல ஃபேக்டரி ரீசெட் பண்ண பீஸ்லதான் செய்ய முடியும், ஒரு தடவை சாதாரண மொபைல் மாதிரி ஆன் பண்ணிட்டா மறுபடி அழிச்சுட்டுதான் ஆரம்பிக்கணும். அவசரத்துக்கு சொந்த ஜிமெயில் போட்டு ஆப் இறக்கிக்கலாம்னு மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சூப்பர்வைசர் நாலு கன்னுல அவர் ஜிமெயில போட்டுட்டு வேலைய விட்டுப் போயிட்டார், கன்னு ஹேங் ஆகுதுன்னு ரெக்கவரில போய் ரீசெட் அடிச்சா பழைய கூகுள் அக்கவுன்ட்ட போடுன்னு பூட்டிக்கிச்சு, அவர் நம்பரும் மாறிப்போச்சு. திருட்டுக்காக வெச்ச பூட்டு நமக்கே விழுந்துச்சு. பில்ல காட்டி சர்வீஸ்ல தொறந்து வாங்க மூணு வாரம் ஆச்சு.

கன்ன எம்டிஎம்ல சேர்க்கற அந்த என்ரோல்மென்ட் கியூஆர் பத்தி ஒரு விஷயம், தயவு செஞ்சு இத மறந்துடாதீங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அதுக்குள்ளயே போட்டு வெச்சா வேலை சுலபம், எல்லாரும் அப்படித்தான் பண்றோம், ஆனா அது பூட்டி எல்லாம் இருக்காது, வெறும் எழுத்தா உள்ள கெடக்கும், எந்த மொபைல்ல ஸ்கேன் பண்ணாலும் பாஸ்வேர்டு அப்படியே கண்ணுக்குத் தெரியும். நான் போன ஒரு எடத்துல அத லேமினேட் பண்ணி செவுத்துல ஒட்டியிருந்தாங்க, லாரி டிரைவர்ங்க டீ குடிக்கற எடத்துக்கு எதிர்ல. செட்அப்புக்குன்னு தனியா ஒரு வைஃபை வெச்சுக்கோங்க, அதுல இன்டர்நெட்டும் எம்டிஎம்மும் மட்டும் கிடைக்கணும், உங்க சர்வர் தெரியவே கூடாது, வேலை முடிஞ்சதும் அத அணைச்சுடுங்க. ஃப்ளோர்ல ஓடற நெஜ வைஃபைக்கு ஒவ்வொரு கன்னுக்கும் தனி சர்டிபிகேட் (பாஸ்வேர்டுக்கு பதிலா அந்த கன்ன அடையாளம் காட்டற டிஜிட்டல் சான்று) எம்டிஎம் வழியா போகட்டும், ஒரு கன்னு லாரியோட போயிட்டா அதோட சர்டிபிகேட்ட மட்டும் கேன்சல் பண்ணா போதும், இல்லனா 24 கன்னுலயும் பாஸ்வேர்டு மாத்திட்டு உக்காந்திருக்கணும். இதுல ஒரு சின்ன சிக்கல், பேட்டரி ரொம்ப நாள் காலியா கெடந்த கன்னுல தேதி பின்னாடி போயிடும், தேதி தப்பா இருந்தா சர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகலன்னு நெனச்சு வைஃபை ஏறாது, எல்லாரும் ஆன்டெனாவ சந்தேகப்படுவாங்க. முதல்ல கடிகாரத்த பாருங்க.

அப்புறம் வழக்கமான பூட்டுங்க, இத சீக்கிரம் சொல்லிடறேன்: ஹோம் ஸ்கிரீன்ல உங்க ஆப் மட்டும் தெரியணும், டெவலப்பர் ஆப்ஷனும் யூஎஸ்பி டீபக்கிங்கும் மூடணும், வெளில இருந்து ஆப் ஏத்தறது மூடணும், தொலைஞ்சா தூரத்துல இருந்தே அழிக்கற வசதிய ஒரு கன்னுல நெஜமாவே அழிச்சுப் பார்த்து உறுதி பண்ணிக்கணும். லாகின்க்கு ஐடி கார்டு பார்கோட மட்டும் நம்பாதீங்க, அத யாரு வேணா ஃபோட்டோ எடுக்கலாம், கூடவே நாலு இலக்க பின் வைங்க.

ஸ்கேன் செட்டிங்க்ல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, மருந்து குடோன்னா கண்டிப்பா. ஜீப்ரா கன்னுன்னா டேட்டாவெட்ஜுன்னு ஒண்ணு உள்ளயே இருக்கும், மத்த கம்பெனிலயும் இதே வேலைக்கு வேற பேர்ல ஒரு செட்டிங் இருக்கும். புதுசுல அது கீபோர்டு மாதிரி வேலை செய்யும், அதாவது ஸ்கேன் பண்ணது கர்சர் எங்க நிக்குதோ அங்க டைப் ஆயிடும். எங்க ஃப்ளோர்ல ஒரு பையன் குவான்டிட்டி பெட்டில கர்சர் நிக்கறப்ப டிரிகர அழுத்திட்டான், 890ல ஆரம்பிக்கற 13 இலக்க பார்கோடு அப்படியே எண்ணிக்கையா ஏறிப்போச்சு, ஸ்டாக்ல லட்சம் கோடி ஸ்ட்ரிப்பு. பெரிய எண்ணுங்கறதால உடனே கண்ணுல பட்டுச்சு. ஆப் எழுதினவங்ககிட்ட பேசி ஸ்கேன் டேட்டாவ இன்டென்ட் (ஆண்ட்ராய்டுல ஆப்புக்கு ஆப் தகவல் அனுப்பற முறை) வழியா நேரா ஆப்புக்கு வாங்கிக்கச் சொல்லுங்க, குவான்டிட்டி பெட்டிக்கு நாலு இலக்கத்துக்கு மேல வேண்டாம்னு எல்லை வைங்க. 2015ல டோக்கியோல நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டுல, கீபோர்டு மாதிரி வேலை செய்யற ஸ்கேனர்ல ஒரு பார்கோட காட்டியே கம்ப்யூட்டருக்கு கமாண்ட் குடுக்கலாம்னு செஞ்சே காமிச்சாங்க, ஏன்னா கோட் 128 மாதிரி பார்கோடுக்குள்ள கன்ட்ரோல் எழுத்துங்களையும் (கீபோர்டுல கன்ட்ரோல் கீயோட சேர்த்து அழுத்தற மாதிரி) அடைக்கலாம். அதனால இது தப்பு நடக்காம இருக்க மட்டும் இல்ல, பாதுகாப்புக்கும் சேர்த்துதான்.

இன்னொண்ணு, உங்களுக்கு தேவையான பார்கோடு வகைங்கள மட்டும் ஆன்ல வைங்க. அட்டைப்பெட்டி மேல வர்ற ஐடிஎஃப் வகைல ஒரு குணம் உண்டு, ஸ்கேனர் கோடு சாய்ஞ்சு பாதி மட்டும் வெட்டிட்டுப் போனாலும் அது ஒரு குட்டி நம்பரா சரின்னு படிச்சுடும். பெட்டிங்கள்ல அந்த பார்கோட சுத்தி தடிமனா கறுப்புப் பட்டை இருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்ல, சாய்ஞ்ச கோடு அதுல முட்டி படிக்காம போகட்டும்னு வெச்சது. செட்டிங்ல நீளம் 14 மட்டும்னு பூட்டிடுங்க. மருந்துப் பெட்டில ஜிஎஸ்1ங்கற உலகப் பொது முறை கோடு இருந்தா 01க்கு அப்புறம் பொருள் எண், 17க்கு அப்புறம் எக்ஸ்பைரி, 10க்கு அப்புறம் பேட்ச் நம்பர், இத ஆப் தானா பிரிச்சுக்கணும், எக்ஸ்பைரிய கையால டைப் பண்ண விடவே விடாதீங்க, அது யாரோ ஒருத்தர் வாய்க்குள்ள போற மாத்திரை.

கோல்ட் ரூம் இருக்குன்னு சொல்லியிருந்தீங்க. உள்ள இருந்து சென்னை வெயிலுக்கு வெளில வந்ததும் ஸ்கேன் கண்ணாடில பனி படியும், பசங்க சட்டைல துடைச்சு துடைச்சு கீறல் விழும். மைனஸ்ல வேலைன்னா கண்ணாடிய சூடாக்கற ஃப்ரீசர் மாடல் தனியா இருக்கு, அது ரெண்டு மூணு பீஸ் வாங்கி உள்ளயே வெச்சுடுங்க, ஒரே கன்ன உள்ளயும் வெளியயும் ஓட்டாதீங்க. ஜில்லுனு வந்த கன்ன உடனே கிரேடில்ல சொருகவும் கூடாது. லித்தியம் பேட்டரிய ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணா உள்ள லித்தியம் படிஞ்சு நிரந்தரமா கெடும், 40 டிகிரிக்கு மேலயும் சார்ஜ் ஏத்தக்கூடாது. மே மாசம் ஷீட் போட்ட கூரைக்கு கீழ லாரி ஏத்தி இறக்கற டாக் பக்கத்துல சார்ஜிங் டேபிள் போட்டா 40 எல்லாம் சாதாரணமா தாண்டும், ராத்திரி சார்ஜ் ஏறலன்னு புகார் வரும், கன்னு தன்னத்தானே காப்பாத்திக்குது அவ்ளோதான். ஆஃபீஸ் ரூம் பக்கம் மாத்துங்க. ஸ்பேர் பேட்டரிய பாக்கெட்ல சாவி சில்லறையோட போட வேண்டாம். கதவு மூட அழுத்த வேண்டியிருக்குன்னு யாராவது சொன்னா பேட்டரி உப்பியிருக்கான்னு அப்பவே கழட்டிப் பாருங்க, உப்பியிருந்தா குத்தாம அமுக்காம, அட்டைப்பெட்டி இல்லாத எடத்துல மணல் வாளில தனியா வைங்க, குப்பைல போடாதீங்க, 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி திருப்பி எடுத்துக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு, சப்ளையர்கிட்ட கேளுங்க.

சுத்தம் பண்றதுக்கு 70 சதவீதம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும், நேரா ஸ்பிரே அடிக்காதீங்க, பிளீச் எல்லாம் வேண்டவே வேண்டாம். சானிடைசர் கை காயாம கன்ன பிடிச்சா நாளாவட்டத்துல பிளாஸ்டிக்ல வெடிப்பு விடும். சார்ஜிங் பின்ன வாரத்துக்கு ஒரு தடவை காட்டன் பட்ல துடைங்க, சார்ஜ் ஏறலன்னு வர்ற கன்னுல பாதி இதுலயே சரியாயிடும்.

பழைய விண்டோஸ் கன்னு ஏதாவது ரேக்ல தூங்குதா? ஸ்பேரா வெச்சுக்கலாம்னு தோணும். விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2020 ஜனவரியோட முடிஞ்சது, அதுக்காக வைஃபை பாதுகாப்ப கீழ எறக்கினா புதுசுக்கு பண்ண எல்லாம் வீண். எடுத்துடுங்க.

கடைசியா, இதெல்லாம் முடிச்சு ஃப்ளோருக்கு குடுக்கறப்ப ஒரு வாரம் நீங்களும் ஷூ போட்டு அங்கயே நில்லுங்க. ஒவ்வொரு கன்னுக்கும் நம்பர் ஒட்டி, ஷிஃப்ட் மாறறப்ப யார் வாங்கினாங்க யார் குடுத்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறப்ப கைல கன்னு கூடாது, வண்டி நின்னாதான் ஸ்கேன். அடுத்தவங்க மூஞ்சிக்கு நேரா டிரிகர் அழுத்தக்கூடாது, லேசர் மாடல் ஒரு மில்லிவாட்டுக்குள்ள இருக்கற கிளாஸ் 2தான், ஆனாலும் வெச்ச கண்ணு வாங்காம அதையே பாக்கக்கூடாத வெளிச்சம் அது. நான் அப்படி நின்ன வாரத்துல பிக்கிங்ல இருந்த ஒரு அக்கா, தம்பி எனக்கு இடது கை பழக்கம், வலது பக்க பட்டன் எட்டல, கட்டைவிரல் வலிக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷமா அப்படியே ஓட்டியிருக்காங்க, யாரும் கேக்கல. செட்டிங்க்ல இடது பக்க பட்டனையும் ஸ்கேனுக்கு மாத்தி விட ஒரு நிமிஷம் கூட ஆகல.