டிஃப்யூசர் இருக்கட்டும், அந்த இரண்டு சொட்டு வேண்டவே வேண்டாம்

கேள்வி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை, ஆறு வயது மகன், ஆஸ்துமா உள்ள மாமியார் இருக்கிறார்கள். சளியும் ஃப்ளூவும் பரவும் நேரம் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், டீ ட்ரீ எசென்ஷியல் ஆயில்கள் (செடிகளிலிருந்து எடுக்கும் அடர்ந்த வாசனை எண்ணெய்கள்) கொண்ட பெட்டியை எங்களுக்கு விற்றார். எண்ணெய் வாசனையை அறைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் இரவு முழுக்கப் போட்டால் கிருமி அண்டாது, குழந்தையின் நெஞ்சில் தடவலாம், பெரியவர்கள் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: குடிக்காதீர்கள். குழந்தைக்குத் தடவாதீர்கள். டிஃப்யூசரை இரவு முழுக்க ஓட விடாதீர்கள். மாமியார் படுக்கும் அறையில் அதை வைக்கவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடலாம்.

முகர்ந்ததும் மூக்கடைப்பு விட்டது போல இருக்கிறதே என்பீர்கள். பெப்பர்மின்டில் உள்ள மென்தால், மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கருவி வைத்து அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். அந்த உணர்வு பொய்யில்லை, அதனால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினால் நல்லதுதான். ஆனால் அதைச் சளிக்கு மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிருமியைக் கொல்லும் என்பது ஆய்வகத் தட்டில் நடப்பது. அங்கே எண்ணெய் நேரடியாகக் கிருமி மீது படுகிறது. உங்கள் அறைக் காற்றில் அந்த அடர்த்தி வர வேண்டுமென்றால், அதற்கு முன்பே உங்களுக்குக் கண் எரிந்து மூச்சு முட்டிவிடும்.

குடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைவிடக் குறைந்த அளவிலேயே குழந்தைகள் மயங்கியிருக்கிறார்கள், வலிப்பு வந்திருக்கிறது. உங்கள் பெட்டியில் உள்ள புட்டிகளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பொதுவாக 10 அல்லது 15 மில்லி இருக்கும். வாயில் ஒரு பிளாஸ்டிக் சொட்டான். பல்லால் கடித்து இழுத்தால் கழன்று வந்துவிடும். ஆறு வயதுப் பையன் இதைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? பல நாடுகளில் இது அழகுப் பொருளாகவோ வாசனைப் பொருளாகவோ விற்கப்படுகிறது. மருந்தாக இல்லாததால் மருந்துக்கு வைக்கும் சோதனை இதற்கு இல்லை. குழந்தை திறக்க முடியாத மூடி போடுங்கள், எச்சரிக்கையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுங்கள் என்று எத்தனை காலம்தான் கேட்பது! குழந்தை மயங்கி விழுந்த பிறகு புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரிடம் "லேபிளைப் படிக்கவில்லையா" என்று கேட்பதில் என்ன நியாயம்?

உங்களுக்கு விற்றவர் "தெரப்யூடிக் கிரேடு", அதாவது மருத்துவத் தரம், என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லியிருப்பார். அப்படி ஒரு தரத்தை எந்த அரசு அமைப்பும் வழங்குவதில்லை. கம்பெனிகள் தாங்களே லேபிளில் அடித்துக்கொள்ளும் சொல் அது. ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் முறையில் இருப்பவர்களுக்கு, நீங்கள் எத்தனை சொட்டு பயன்படுத்துகிறீர்களோ அவ்வளவு வருமானம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், தங்கள் வீட்டிலும் குடிக்கலாம். அதனால் மருத்துவம் தெரிந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். 2014-இல் இப்படி விற்றவர்கள் சிலர் எபோலாவையே குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யப்போய், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. எபோலாவுக்கே சொன்னவர்கள் சளிக்குச் சொல்ல யோசிப்பார்களா?

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் உண்டா? சின்ன வயதில் வந்து நின்றுபோனதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். யூகலிப்டஸில் உள்ள சினியோல், தைலங்களில் சேர்க்கும் கற்பூரம், ரோஸ்மேரி எண்ணெய் ஆகியவை மூளை நரம்புகளைத் தூண்டக்கூடியவை. குடித்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். தடவியும் முகர்ந்தும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. கொடுமை என்னவென்றால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு வருகிறதே என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஜலதோஷத்துக்கு என்ன தடவினீர்கள் என்று டாக்டரும் கேட்பதில்லை. தைலம்தானே என்று நோயாளியும் சொல்வதில்லை. பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பும் இடத்தில் இந்தக் கேள்விக்கு நேரம் எங்கே? அதனால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர் வீட்டில் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி ஆகிய மூன்று வாசனையும் வேண்டாம். வலி நிவாரணத் தைலம், மூக்கில் வைத்து உறிஞ்சும் குழாய், நெஞ்சில் தடவும் களிம்பு ஆகியவற்றின் லேபிளிலும் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது, என்ன செய்யலாம்? குழந்தையும் மாமியாரும் இல்லாத அறையில், 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு, அரை மணி நேரம் போதும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ தடவ வேண்டுமென்றால் 30 மில்லி சமையல் எண்ணெயில் ஆறு சொட்டு, அதாவது ஒரு சதவீதம். நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். தண்ணீரில் கலந்து தடவுவதும் ஆகாது. ஒரு கிண்ணம் நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கரையாமல் மேலே பளபளவென்று படலமாக மிதக்கும். அது அப்படியே தோலில் போய் ஒட்டினால் எரிச்சல்தான். மகனுக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் அதில் பெரிய ஆபத்து.

எட்டு மாதக் குழந்தைக்கு மென்தாலும் கற்பூரமும் மூக்கருகே பட்டாலே மூச்சுக்குழல் சட்டென இறுகிக்கொள்ளலாம். கற்பூரம் சேர்ந்த களிம்புகளை இரண்டு வயதுக்குள் தடவக் கூடாது. அதற்குப் பதில் உப்பு நீர் மூக்குச் சொட்டு மருந்து போதும். பால் கொடுப்பதற்கு முன்பு விட்டு, சளியை மெல்ல உறிஞ்சி எடுங்கள். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமியாருக்கு ஃப்ளூ என்று தோன்றினால் வைரஸ் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வாசனை பிடித்துக்கொண்டு அந்த இரண்டு நாளைக் கடத்திவிடாதீர்கள்.

புட்டியை மகன் எப்போதாவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக இருக்கிறானே என்று வீட்டில் உட்காரவும் வேண்டாம், வலிப்பு அரை மணி நேரத்துக்குள்ளேயே வரலாம். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கும் என்று அவர்களால் கணக்குப் போட முடியும்.