தரையில் விழுந்த குருவி

சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி, இரண்டு குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டதைப் போன இதழில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதமெல்லாம் உங்கள் வீட்டுக் கூடுகளைப் பற்றித்தான். ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கே இடம் நிறையப் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம். எங்கள் பால்கனித் தொட்டிச் செடியிலும் கொண்டைக்குருவி கூடு வைத்தது. மூன்று குஞ்சுகள். என் ஒன்பது வயது மகள் தினமும் ராத்திரி அவைகளுக்காக ஜெபித்துவிட்டுத்தான் படுப்பாள். ஒருநாள் காலையில் காகம் வந்து கூட்டைக் கலைத்துவிட்டது. இரண்டைக் காணோம். ஒன்று கீழே செத்துக் கிடந்தது. "குருவிகூட கீழே விழாதுன்னு இயேசு சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதனால் வேத வசனத்துக்குப் போகும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா படுக்கையில் விழுந்த கடைசி வருஷம் அது. அவர்கள் கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் ஒரு செடி, செடியில் ஒரு கூடு. பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் காலையில் நான் உள்ளே போனதும் விரலைக் காட்டுவார்கள். இன்றைக்கு இரண்டு முட்டை, இன்றைக்கு மூன்று. குஞ்சு பொரித்த ஐந்தாம் நாள் ராத்திரி பெரிய காற்று, மழை. விடிந்து பார்த்தால் கூடு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள். "இங்க கொண்டா" என்றார்கள்.

ஒரு குஞ்சை அவர்கள் உள்ளங்கையில் வைத்தேன். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. சிறகு வரவேண்டிய இடத்தில் கறுப்பு ஊசிகளைப் போல வரிசையாக முளைத்திருந்தது. வாயோரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் விளிம்பு. வயிற்றுத் தோல் அவ்வளவு மெலிசு, உள்ளே இருப்பது நிழலாகத் தெரிந்தது. அம்மா ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "இதுகிட்டயும் அவர் இருந்தாரா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் பாடம் எடுத்தவள் நான்.

அன்று ராத்திரிதான் மத்தேயு 10:29-ஐ நிதானமாகப் படித்தேன். "ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகளை விற்கிறார்கள் அல்லவா? ஆயினும் உங்கள் பிதாவின் சித்தமில்லாமல், அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது." குருவி விழவே விழாது என்று இந்த வசனம் எங்கேயும் சொல்லவில்லை, சகோதரி. நாம்தான் அப்படி மனதில் வைத்துக்கொண்டு, அப்படியே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம். இன்னொன்றையும் கவனியுங்கள். மூலமொழியான கிரேக்கத்தில் இந்த இடத்தில் "சித்தம்" என்ற சொல் கிடையாது. "உங்கள் பிதா இல்லாமல்" என்று மட்டும் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொருள் விளங்கட்டும் என்று அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி எனக்கு "பிதா இல்லாமல்" என்ற இரண்டு சொல்தான் வேண்டியிருந்தது. காற்றில் கூடு சாய்ந்தபோது அவர் அங்கே இல்லாமல் இல்லை. அம்மா கேட்டதும் அதைத்தான். மறுநாள் காலையில் அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள்.

இந்த வார்த்தையை இயேசு யாரிடம் சொன்னார் என்றும் பாருங்கள். ஊழியத்துக்கு அனுப்பப்படும் சீஷர்களிடம். உங்களை அடிப்பார்கள், ஆலோசனைச் சங்கங்களுக்கு ஒப்புக்கொடுப்பார்கள், கொலையும் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டு வரும்போதுதான் குருவியைக் காட்டுகிறார். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

மகளிடம் என்ன சொல்லலாம்? "சாமிக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குஞ்சைத் தட்டிப்பறிக்கிற தேவனிடம் அவள் எப்படித் திரும்ப ஜெபிப்பாள்? "உன் ஜெபத்தில் விசுவாசம் போதவில்லை" என்றும் யாரும் சொல்லவிடாதீர்கள். காகத்தைப் பிசாசு ஆக்கவும் வேண்டாம். இது கொஞ்சம் கடினமான இடம், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையால் தாங்க முடியும். சங்கீதம் 147:9 "கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கும் ஆகாரங்கொடுக்கிறார்" என்கிறது. அந்தக் காகத்துக்கும் எங்கோ ஒரு மரத்தில் வாயைத் திறந்துகொண்டு குஞ்சுகள் இருக்கலாம். இரண்டையும் அவரே பார்க்கிறார். இது எப்படிப் பொருந்துகிறது என்று எனக்கும் முழுதாக விளங்கவில்லை. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்று பவுல் ரோமர் 8-இல் எழுதுகிறாரே, அந்தத் தவிப்பில் இந்தக் கூடும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறேன்.

குஞ்சை இன்னும் புதைக்கவில்லையென்றால், அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் புதையுங்கள். அவள் அழட்டும். செடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஒரு கூடு கலைந்தால் கொண்டைக்குருவி அதோடு விட்டுவிடாது. பெரும்பாலும் பக்கத்திலேயே வேறு இடம் பார்த்து மறுபடி நார் பொறுக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: எனக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. சபையில் ஒரு பெரியவர், "ஆகாயத்துப் பட்சிகள் விண்ணப்பம் போட்டுக்கொண்டா திரிகிறது? விசுவாசித்துச் சும்மா இரு" என்கிறார். வேலை தேடுவது அவிசுவாசமா அக்கா?

பதில்: தம்பி, அந்தப் பெரியவர் ஒரு கூட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவர்ப் பொந்தில் சிட்டுக்குருவி குஞ்சு பொரித்திருந்தபோது, பென்சிலும் காகிதமுமாகக் காலை ஏழிலிருந்து எட்டு மணிவரை கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். பதினேழு கோடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்தன. தானியம் தின்கிற பறவைதான் அது, ஆனால் குஞ்சுக்காகப் புழுவையும் பூச்சியையும் தேடி இலை இலையாகத் தாவுகிறது. ஊட்டி முடித்ததும் குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி, வெள்ளைப் பை மாதிரி ஒரு எச்சத்தைக் கொடுக்கும். தாய் அதை அலகில் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிட்டு, அப்படியே அடுத்த பூச்சிக்குப் போகும். இதுதான் இயேசு "கவனித்துப்பாருங்கள்" என்று சொன்ன பட்சி. சும்மா இருக்கிற பட்சியை நான் எந்தக் கூட்டிலும் பார்த்ததில்லை.

"விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை" என்று அவர் சொன்னது விதைத்து அறுக்கிற ஜனங்களிடம். இனி விதைக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. கவலைப்படாதிருங்கள் என்றார். நீங்கள் விண்ணப்பம் போடுங்கள். ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைத்தான் அவர் வாங்கிக்கொள்ள நினைக்கிறார்.

இன்னொன்று. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் நாலுதான் வரவேண்டும். ஐந்தாவது குருவி சந்தையில் கொசுறு, அதற்கு விலையே இல்லை. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்ற வார்த்தை அந்தக் கொசுறுக் குருவிக்கும் சேர்த்துத்தான். நாலு மாதமாக வேலையில்லாதவனுக்கு தான் அந்த ஐந்தாவது குருவி என்றுதான் தோன்றும். எனக்குத் தெரியும் தம்பி. இந்த வசனத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்த வாரத்திலேயே குளியலறை ஜன்னலில் புறா முட்டையிட்டுவிட்டது. புறா பரிசுத்த ஆவியின் அடையாளம் அல்லவா? போகவேண்டாம் என்று கர்த்தர் சொல்கிறாரா?

பதில்: இல்லை அம்மா. அந்தப் புறா அகலமான, மழை படாத ஒரு விளிம்பைத் தேடி வந்தது. பட்சியை வைத்துக் குறி பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டாம். உபாகமம் 18-ஆம் அதிகாரம் அதைத்தான் தள்ளிவைக்கச் சொல்கிறது. வீடு மாறுவதைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து ஜெபித்து, வரவுசெலவைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆனால் அதே உபாகமத்தில் 22:6-7-ஐயும் படியுங்கள். வழியில் குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்கக்கூடாது, தாயைப் போகவிட வேண்டும் என்று சட்டம். அப்படிச் செய்தால் "நீ நன்றாயிருப்பாய், உன் நாட்களும் நீடித்திருக்கும்" என்கிறார். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவனுக்குக் கொடுத்த அதே வாக்குத்தத்தம்! ஒரு கூட்டை எப்படி நடத்துகிறோம் என்பதற்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியம்தான். புறா முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டரை வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய நாலு வாரம். முடிந்தால் ஒன்றரை மாதம் தள்ளிப் போங்கள். முடியாவிட்டால், அடுத்து வருகிறவர்களிடம் அந்த ஜன்னலைத் திறக்காமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: கழுகு நாற்பது வயதில் மலைக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கிக்கொண்டு, 150 நாள் காத்திருந்து புதுப்பிறவி எடுக்கிறதாமே? வாலிபர் கூட்டத்தில் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அது உண்மையில்லை. அலகை உடைத்துக்கொண்ட பறவை பட்டினியில் செத்துப்போகும். "கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயது போலாகிறது" என்ற சங்கீதம் 103:5-க்கு இந்தக் கதை தேவையே இல்லை. பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைப்பதை நம் வீட்டுக் குருவியிடமே பார்க்கலாம். அது தன்னைத்தானே பிடுங்கிக் காயப்படுத்திக்கொள்வதில்லை. மேடையில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதன்மேல் சத்தியத்தைக் கட்டினால், பிள்ளைகள் என்றைக்காவது தேடிப் பார்ப்பார்கள். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து விழும்.

கேள்வி: கைக்குழந்தைக்காரி நான். வேதம் வாசிக்க, முழங்கால் போட நேரமே இல்லை. எங்கள் வாசலில் குருவி அடைகாக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கிறேன். அது மட்டும்தான் என் தியானம். குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, அந்தக் குருவி முட்டையிட்ட சமயத்தில் அதன் அடிவயிற்றில் ஒரு இடத்தில் இறகு உதிர்ந்திருக்கும். வெறும் தோலாக, ரத்தம் நிறைய ஓடிச் சூடாக இருக்கும். அந்த இடத்தை முட்டைமேல் ஒட்டிவைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. இறகு குளிரைத் தடுக்கும், ஆனால் சூட்டையும் தடுத்துவிடும் அல்லவா? அதனால் அந்த இடத்தில் அதற்கு மறைப்பே இல்லை. "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்று சங்கீதம் 91-இல் வாசிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. சிறகுக்குள்ளே போனால் அங்கே வெறும் தோல், அதன் சூடு. பால் கொடுக்கும்போது குழந்தை காதில் அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். இந்த மாதத்துக்கு அது போதும்.

கேள்வி: என் மனைவி தவறி ஏழு மாதம். குருவிகளுக்கு அவள்தான் தண்ணீர் வைப்பாள். குஞ்சுகளும் பறந்துபோய்விட்டன. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. காலையில் மாடியில் உட்கார்ந்து குருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் காலிக் கூட்டை எடுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: ஐயா, "நான் தூக்கமில்லாமல் இருந்து, வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன்." இது சங்கீதம் 102:7. அந்தச் சங்கீதத்தின் தலைப்பை வாசித்துப் பாருங்கள். துக்கத்தால் தொய்ந்துபோன ஒருவர் கர்த்தருக்கு முன்பாகச் செய்த விண்ணப்பம் என்று போட்டிருக்கும். உங்களைப்போல மாடியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அதைச் சொல்லிவைத்திருக்கிறார். உங்களுக்கு வார்த்தை வருகிறவரை அவருடைய வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டை எடுக்கவேண்டாம். சிட்டுக்குருவி ஒரே வருஷத்தில் இரண்டு, மூன்று முறைகூட முட்டையிடும். பழைய கூட்டுக்கே திரும்பி வருவதும் உண்டு. அம்மா தண்ணீர் வைத்த அதே பாத்திரத்தை, அதே இடத்தில், நாளைக் காலையில் வையுங்கள். தினமும் கழுவி வைக்கவேண்டும். எத்தனை குருவி வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஐயா. கடிதத்துக்குக் காத்திருப்பேன்.