பழைய டாக்கர் கன்டெய்னர்களை போர்டெய்னருக்கு மாற்றினால் கணக்கு அழியுமா?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் மென்பொருளும் அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கடை சர்வரில் டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை) ஓடுகின்றன. அவற்றை இனி போர்டெய்னர் வழியாக நானே நிர்வகிக்க விரும்புகிறேன். சர்வரை ஃபார்மட் செய்தால்தான் முடியும் என்கிறார் ஒரு முகவர். பழைய கணக்கு தங்குமா?

பதில்: தங்கும். போர்டெய்னர் என்பது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாக்கரைத் திரையில் காட்டி இயக்க உதவும் கருவி மட்டுமே. அதை நிறுவியதும் உங்கள் பழைய கன்டெய்னர்கள் தாமாகவே பட்டியலில் வந்துவிடும். ஃபார்மட் செய்யச் சொல்பவர், கணக்கு எங்கே இருக்கிறதென்று தேடத் தெரியாதவராகவோ, பிறகு 'டேட்டா மீட்பு' என்று இன்னொரு பில் போட நினைப்பவராகவோ இருப்பார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போர்டெய்னரின் சமூகப் பதிப்பு இலவசம் என்பதால், அதற்கு உரிமக் கட்டணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை மாறினாலும் பேரேடு பெட்டியடியில் இருப்பதுபோல, கன்டெய்னர் போனாலும் வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் தரவைச் சேமிக்கும் இடம்) உள்ள தரவு இருக்கும். போர்டெய்னரில் தரவுத்தளக் கன்டெய்னரைத் திறந்து, அது எந்த வால்யூமைப் பயன்படுத்துகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடுமுன் பிஜி டம்ப் (pg_dump) கட்டளையால் தரவுத்தளத்தின் நகலை எடுத்து, அதைப் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பழைய காம்போஸ் கோப்பை (எந்தக் கன்டெய்னர்கள், எந்த வால்யூம்களோடு ஓட வேண்டும் என்று எழுதிய கோப்பு) போர்டெய்னரில் புதிய ஸ்டாக்காக, அதாவது சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பாக, ஒட்டினால், நீங்கள் ஸ்டாக்குக்கு வைக்கும் பெயரே வால்யூமின் பெயருக்கு முன்னொட்டாகிவிடும். முன்பு 'கடை_தரவு' என்றிருந்தது 'பில்_தரவு' என்று புதிதாக, காலியாக உருவாகும். மென்பொருள் திறக்கும், ஆனால் ஒரு பில்லும் இருக்காது. பழைய வால்யூம் பத்திரமாகவே இருக்கிறது. பதறிப்போய் எதையும் அழிக்காமல், காம்போஸ் கோப்பில் அதன் முழுப் பெயரையும் கொடுத்து, 'எக்ஸ்டெர்னல்: ட்ரூ' (external: true, ஏற்கெனவே இருக்கும் வால்யூம் என்று பொருள்) என்று குறித்தால் போதும். போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் மென்பொருள் பொதி) 'லேட்டஸ்ட்' என்று போடாமல், இப்போதுள்ள பதிப்பு எண்ணையே எழுதுங்கள்; முதன்மைப் பதிப்பு மாறினால் பழைய தரவைத் திறக்க மறுத்துவிடும்.

மென்பொருளை நிறுவித் தருபவர்கள் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, காம்போஸ் கோப்பையும் கடவுச்சொல்லையும் கொடுக்காமல் போவது இத்தொழிலில் சாதாரணமாகிவிட்டது; கேட்டால் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருந்தால், தரவுத்தளக் கடவுச்சொல் பெரும்பாலும் தரவுத்தளக் கன்டெய்னரின் சூழல் மாறிகளிலேயே (போர்டெய்னரில் Env என்று காட்டப்படும் அமைப்பு விவரங்கள்) எழுதப்பட்டிருக்கும், அங்கே பாருங்கள்.

புதிய ஸ்டாக்கை இயக்குமுன் பழைய கன்டெய்னரை நிறுத்துங்கள். ஒரே வால்யூமில் இரண்டு தரவுத்தளங்கள் எழுதக் கூடாது. மாதக் கடைசிக் கணக்கு சரியாக முடிந்த பிறகே பழையதை நீக்கலாம். அப்போது வால்யூம்களையும் சேர்த்து நீக்கவா என்று போர்டெய்னர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.