கேள்வி – பதில்: பெட்டியில் தட்டியதைப் படிப்பது எப்போது?

கேள்வி: பைத்தானில், சன்னலும் பொத்தானும் அமைக்க உதவும் டிகின்டர் கொண்டு சின்ன நிரல் ஒன்று எழுதுகிறேன். பெயர் தட்ட ஒரு பெட்டி, கீழே ‘சேமி’ பொத்தான். எதைத் தட்டினாலும் வெற்றுச் சரம்தான் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை.

பதில்: பெட்டியை உருவாக்கிய கையோடு, அடுத்த வரியிலேயே, உள்ளதைப் படிக்கும் ‘கெட்’ போட்டிருப்பீர்கள். அந்த வரி ஓடும்போது சன்னல் திரைக்கே வந்திருக்காது. தட்ட யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது. நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் ‘மெயின்லூப்’ தொடங்கிய பிறகுதான் பயனர் தட்டுவதும் அழுத்துவதும் நிரலுக்கு வந்து சேரும். ஆகவே ‘கெட்’ இருக்க வேண்டிய இடம், பொத்தான் அழைக்கும் ஃபங்ஷனின் உள்ளே.

பொத்தான் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு ஜோடி அடைப்புக்குறிதான். அழுத்தினால் ஓட வேண்டியதைச் சொல்லும் ‘கமாண்ட்’ என்பதற்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். சேமி() என்று எழுதினால் பொத்தான் உருவாகும் கணத்திலேயே அது ஒருமுறை ஓடி முடிந்துவிடும். அது திருப்பித் தந்த ‘நன்’தான் (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) பொத்தானிடம் தங்கும்.

‘நன்டைப்’பில் ‘கெட்’ இல்லை என்று பிழைச்செய்தி வந்தால், பெட்டியை உருவாக்கும் வரியிலேயே அதைச் சன்னலில் பொருத்தும் ‘பேக்’கையும் கோத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘பேக்’ எதையும் திருப்பித் தராது. இரண்டையும் இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

கேள்வி: வயதுப் பெட்டியில் எண் மட்டும் ஏற்க வேண்டும். விசை அழுத்தும் நிகழ்வில் சோதித்தால் எப்போதும் ஓர் எழுத்து பின்தங்குகிறது. சுட்டியால் ஒட்டினால் சோதனையே நடப்பதில்லை.

பதில்: உங்கள் ஃபங்ஷன் ஓடிய பிறகே எழுத்து பெட்டிக்குள் போகிறது, அதனால்தான் பழைய சரம் கண்ணில் படுகிறது. சுட்டியால் ஒட்டும்போது விசை நிகழ்வு எழுவதே இல்லை. அந்த வழியை விட்டுவிடுங்கள். பெட்டியின் ‘வேலிடேட்’டுக்கு ‘கீ’ என்று கொடுத்து, ‘வேலிடேட்கமாண்ட்’டில் ‘ரெஜிஸ்டர்’ செய்த ஃபங்ஷனையும், சதவீதக் குறியோடு பெரிய ‘பி’யையும் சேர்த்துக் கொடுங்கள். மாற்றத்தை ஏற்றால் பெட்டியில் என்ன இருக்குமோ, அந்த முழுச் சரமும் ஃபங்ஷனுக்கு முன்கூட்டியே வந்துவிடும்.

இங்கே பலரும் சறுக்குவது, சரி அல்லது தவறு என்ற விடையை எல்லாப் பாதையிலும் திருப்பித் தராமல் விடுவதில். ஒரு பாதையில் ‘நன்’ போனாலும் டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே சத்தமில்லாமல் சோதனையையே அணைத்துவிடும். முதல் எழுத்துக்குக் காவல் இருக்கும், அடுத்ததிலிருந்து எல்லாம் உள்ளே நுழையும். சோதிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே பெட்டியை மாற்றினாலும் இதே கதிதான்.

வெற்றுச் சரத்தை ஏற்றே ஆக வேண்டும். இல்லையென்றால் கடைசி இலக்கத்தை அழிக்க முடியாது. 18 முதல் 60 வரை என்பது போன்ற வயது வரம்பையும் இங்கே வைக்காதீர்கள். 25 தட்ட வருபவர் முதலில் 2 தட்டுவார், அதுவே 18க்குக் கீழ்! வரம்பைச் சேமிக்கும்போது பாருங்கள். இலக்கமா என்று பார்க்க ‘இஸ்டிஜிட்’டைவிட ‘இஸ்டெசிமல்’ நம்பகமானது: முன்னது ² என்பதையும் ஏற்கும், சரத்தை எண்ணாக்கும் ‘இன்ட்’ அதில் முறியும். தமிழ் எண்களுக்குத் தடையில்லை. ௨௫ தட்டினால் ‘இன்ட்’ 25 என்றே தரும்.

கேள்வி: ‘கொடி’ இரண்டெழுத்து. நிரலோ நான்கு என்கிறது, சில நேரம் ஐந்து என்கிறது.

பதில்: சரத்தின் நீளத்தைத் தரும் ‘லென்’ எண்ணுவது யுனிகோடு குறிகளை. க, ொ, ட, ி என நான்கு. ‘ொ’வை ெ, ா என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும் விசைப்பலகையோ கோப்போ வந்தால் ஐந்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் மட்டும் அகப்படாது. ஆகவே சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ‘யுனிகோடுடேட்டா’வின் ‘நார்மலைஸ்’ கொண்டு பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். எழுத்துகளை எண்ண, ‘கேட்டகரி’ (குறியின் வகை) எம்-இல் தொடங்கும் குறிகளைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினால் போதும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் அதில் கழிந்துவிடும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ மட்டும் இரண்டாக விழும். குறிகளை எண்ணிச் சரத்தை வெட்டுவது கூடவே கூடாது. யாரோ ஒருவரின் பெயரில் ‘கொ’ வெறும் ‘க’ ஆகிவிடும்.

கேள்வி: பலவரிப் பெட்டியில் படித்தால் கடைசியில் ஒரு வெற்று வரி ஒட்டிக்கொள்கிறதே?

பதில்: அது டிகே தானாகச் சேர்ப்பது. ‘1.0’ முதல் ‘எண்ட்’ வரை என்பதற்குப் பதிலாக ‘எண்ட்-1சி’ (முடிவுக்கு ஓர் எழுத்து முன்) வரை படியுங்கள். வரிகள் 1இலிருந்தும் எழுத்துகள் 0இலிருந்தும் எண்ணப்படுவதால் தொடக்கம் ‘1.0’.