மண்ணில் கலந்துவிட்ட மல்ச்சிங் ஷீட்: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: காய்கறிப் பயிருக்கு மூன்று ஆண்டுகளாக மல்ச்சிங் ஷீட் (களை முளைக்காமல் மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போடுகிறேன். போன பருவத்தில் ஆள் கிடைக்காததால், ஷீட்டை எடுக்காமலே, மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை ஓட்டிவிட்டேன். இப்போது எங்கே கொத்தினாலும் கறுப்புத் துணுக்குகள். மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. இதனால் மண்ணுக்கும் எங்கள் உடம்புக்கும் கெடுதல் வருமா? பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைத் தெளித்தால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் மாடுகளை அந்த நிலத்திலிருந்து இன்றே விலக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு. புல்லோடு உள்ளே போகும் ஷீட் துண்டு செரிக்காது. பெருவயிற்றில் தங்கி, ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும். தீனி குறைவது, அசைபோடாமல் நிற்பது, அடிக்கடி வயிறு உப்புவது, பால் குறைவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்து அந்த உருண்டையைக் கரைக்க முடியாது. முற்றிவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

அடுத்து பாக்டீரியா. 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி வெளியிட்டார்கள். பலரும் கேள்விப்பட்டிருப்பது அதைத்தான். ஆனால் அது சிதைப்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை. உங்கள் ஷீட் பாலிஎத்திலீன், வேதியமைப்பே வேறு. வயலில் தெளித்தால் ஷீட் துணுக்குகளைக் கரைத்துவிடும் என்று நம்பி வாங்கக்கூடிய பாக்டீரியா மருந்து எதுவும் இன்று இல்லை. அப்படிச் சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பொறுக்க ஆள் வையுங்கள்.

ஆமாம், கையால் பொறுக்கத்தான் சொல்கிறேன். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால்தான் அதை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம். அந்த அளவுக்கு நொறுங்கிவிட்டால் வயலிலிருந்து பிரித்தெடுக்க நடைமுறையில் வழி இல்லை. உங்கள் நிலத்தில் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு ரோட்டவேட்டர் ஓட்டும், ஒவ்வொரு கோடை வெயிலும் அதை மேலும் பொடியாக்கும். அதனால் இந்தப் பருவம் ரோட்டவேட்டரை இறக்கவே வேண்டாம். மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது கொத்துக்கலப்பையால் மேலாக ஓட்டுங்கள். கொழுவில் சிக்குவதையும் மேலே வருவதையும் பொறுக்குங்கள். நல்ல மழைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தலைகாட்டும்; அப்போது மறுபடியும் ஒரு சுற்று.

எவ்வளவு மீதி இருக்கிறது என்று அறிய ஒரு கணக்கு உண்டு. 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு) தடிமன் உள்ள ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிராம் இருக்கும். ஏக்கரில் பாதிப் பரப்பை, அதாவது 2,000 சதுர மீட்டரை மூடியிருந்தால் ஏறக்குறைய 46 கிலோ. பொறுக்கியதைக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். வெறும் 10 கிலோதான் தேறியது என்றால், மீதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. சேர்த்ததை வரப்போரம் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. புதைக்கவும் வேண்டாம். மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, பெரிய துண்டுகள் வேர் இறங்குவதையும் நீர் இறங்குவதையும் தடுக்கும். பொடிகளை மண்புழு தன் வளை வழியே ஆழத்துக்குக் கொண்டுபோகும். அளவு மிகுந்தால் புழுவின் வளர்ச்சியே குன்றும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, கோதுமையிலும் லெட்யூஸ் கீரையிலும் பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்தின் நுண்ணிய பிளவு வழியாக மிகச் சிறு துகள்கள் உள்ளே புகுவதைக் காட்டியது. அது ஆய்வகத்தில் வளர்த்த செடி. உங்கள் காயில் இவ்வளவு இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மனித உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. 2024-ல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அடைப்புப் படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஏற்படும் ஆபத்து சுமார் நாலரை மடங்கு அதிகம். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து, வயலில் ஷீட் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பயந்து காயை வெறுக்க வேண்டியதில்லை. மண் ஒட்டிய காய்களை நன்றாகக் கழுவுங்கள், சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள். குடிநீர் கடின நீராக இருந்தால் கொதிக்கவைத்து ஆறியபின் வடிகட்டுங்கள். படியும் சுண்ணாம்பு, துகள்களில் ஒரு நல்ல பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த பருவம் வைக்கோல், சருகு மூடாக்குக்கு மாற முடிந்தால் அதுவே நல்லது. ஷீட்தான் வேண்டும் என்றால் மெல்லியதை வாங்காதீர்கள். 25 மைக்ரானுக்குக் கீழே போனால் கையோடு கிழிந்து வரும். அறுவடை முடிந்த கையோடு, செடியை அடியில் அறுத்து, ஓர மண்ணைத் தளர்த்தி, உழவுக்கு முன்பே சுருட்டி எடுத்துவிடுங்கள். ‘தானே மக்கும்’ என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆக்சோ வகை, அதாவது சீக்கிரம் உதிர்வதற்காக ரசாயனம் சேர்த்த சாதாரண பிளாஸ்டிக். அது மக்குவதில்லை, பொடியாக உதிர்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. மற்றது மண்ணில் மக்கும் வகை. அதில் ஈஎன் 17033 என்ற ஐரோப்பியத் தரச்சான்று உள்ள ஷீட் என்றால், மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் குறைந்தது 90 சதவீதம் மக்குவதாக ஆய்வகச் சோதனையில் தேறியிருக்கும். வாங்குமுன் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்.