180 கேம் இருக்கிறது, விளையாடத்தான் ஒன்றும் இல்லை

கேள்வி: எனக்கு வயது 34. வேலையும் வீட்டுப் பொறுப்புகளும் முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்கென்று கிடைக்கிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் 180 கேம் வாங்கி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் திறந்துகூடப் பார்த்ததில்லை. எதை விளையாடலாம் என்று பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் வழக்கமாக ஆடும் ஆன்லைன் சுடுதல் கேமைத் திறந்து, அன்றைய சவால்களை முடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். ‘தி விட்சர் 3’ என்ற நீண்ட கதை கேமை மட்டும் மூன்று முறை முதலிலிருந்து தொடங்கி மூன்று முறையும் பாதியில் விட்டேன். எனக்கு கேம் மீது ஆசையே போய்விட்டதா?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கேமுக்குச் சராசரியாக 15 மணி நேரம் என்று வைத்தால், 180 கேமுக்கு 2,700 மணி நேரம். இரவுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு நாள்கூட விடாமல் ஆடினாலும் ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை நீங்கள் சேல் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். இருப்பீர்களா? நான் இருக்க மாட்டேன். ஒரே கேமை இரண்டு கருவிகளுக்கு இரண்டு முறை வாங்கி, இரண்டிலும் தொடாமல் வைத்திருக்கும் ஆள் நான். ஆகவே அந்தப் பட்டியலை முடிக்க வேண்டிய கடனாகப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். சேலில் தேடிப் பிடித்து வாங்குவது ஒரு தனி சந்தோஷம். அதை அப்போதே அனுபவித்துவிட்டீர்கள், கணக்கு தீர்ந்தது.

உங்கள் ஆசை எங்கும் போகவில்லை. களைத்துப்போன நேரத்தில் 180 பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களையே வாட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அந்தச் சுடுதல் கேம் ஏன் தினமும் ஜெயிக்கிறது தெரியுமா? அதைத் திறந்தால் நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம். ‘இன்று இந்த மூன்றைச் செய், இது கிடைக்கும்’ என்று அதுவே சொல்லிவிடுகிறது. சீசன் (ஒரு தொகுப்புச் சவால்களும் பரிசுகளும் கிடைக்கும் காலம்) முடிவதற்குள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்ற பயம் வேறு. ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: பரிசும் சவாலும் இல்லாவிட்டாலும் அதைத் திறப்பீர்களா? நண்பர்கள் வருகிறார்கள், அரட்டை நன்றாக இருக்கிறது, சுடுவதே பிடிக்கிறது என்றால் தாராளமாக ஆடுங்கள். தினமும் ஒரே கேம் ஆடுவது குற்றமில்லை. பரிசுக்காக மட்டும் என்றால் ஒரு சீசனை விட்டுப் பாருங்கள்.

சரி, எதை ஆடுவது? எது நல்ல கேம் என்று தேடாதீர்கள். உங்கள் பட்டியலில் இருப்பதில் பெரும்பாலானவை நல்லவையாகத்தான் இருக்கும். எது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் என்று பாருங்கள். ‘ஹேடிஸ்’ ஒரு ரவுண்டு அரை மணி நேரம்போல ஆகும். செத்தால் மறுபடி வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியதுதான், நேற்று எங்கே விட்டோம் என்று மூளையைக் கசக்க வேண்டாம். ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். தூங்கப் போனால்தான் சேவ் ஆகும் என்பதால் நிறுத்துவதற்கு அதுவே ஒரு இடம் கொடுக்கும். (இன்னும் ஒரே ஒரு நாள் என்று விடிய விடிய உட்கார வைப்பதும் அதேதான், எச்சரிக்கை.) ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ 22 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் தொடங்கும் சுழற்சியில் ஓடுகிறது. ஆனால் அதில் துப்புகளைக் கோத்துப் பார்க்க வேண்டும், அரைத் தூக்கத்தில் சரிவராது. அதனால் நேரத்தோடு களைப்பையும் கணக்கில் எடுங்கள். ‘டிஸ்கோ எலிசியம்’ போல முழுக்க வாசிக்கும் கேம், நாள் முழுக்க மின்னஞ்சல் படித்தவருக்கு வேலையின் நீட்டிப்பாகத் தோன்றலாம். அன்று கை மட்டும் ஓடும் கேம் போதும்.

தேர்வை இரவுக்கு வைக்காதீர்கள். விடுமுறைப் பகலில் பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டே கேமை எடுத்து வையுங்கள்: களைத்த இரவுக்குச் சின்னது ஒன்று, நிறைய நேரம் கிடைக்கும் நாளுக்குப் பெரியது ஒன்று. மற்றவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கண்ணில் படாவிட்டால் உருட்டவும் தோன்றாது. வாங்கியவை உங்கள் ஸ்டீம் கணக்கிலேயே இருக்கும், பிறகு டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

பிடிக்காததை எப்போது விடுவது என்று ஒரு எல்லையும் வைத்துக்கொள்ளலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தருகிறது. அந்த இரண்டு மணி நேரத்தையே பழைய கேம்களுக்கும் அளவாகக் கொள்ளுங்கள். இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ தன் முதல் சில மணி நேரத்தைப் பனியில் நத்தை வேகத்தில்தான் நகர்த்தும். அப்படிப்பட்டவற்றை இரவு ஒரு மணி நேரத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இப்போது விட்சருக்கு வருகிறேன். முதன்மைக் கதைக்கே ஏறத்தாழ 50 மணி நேரம் பிடிக்கும் கேம் அது. இடையில் மூன்று வாரம் விட்டால் கதையும் மறக்கும், எந்த பட்டனில் நழுவுவது, எதில் உருளுவது என்று விரலும் மறக்கும். திரும்பி வந்த முதல் சண்டையிலேயே அடிவாங்கி, ‘முதலிலிருந்தே தொடங்கலாம்’ என்று கிளம்பியிருப்பீர்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறீர்கள், மூன்று முறையும் அதே தொடக்க ஊர், அதே டுடோரியல் (ஆடக் கற்றுத்தரும் பகுதி). நான்காவது முறை அப்படிச் செய்யாதீர்கள். ஒரு விடுமுறைப் பகலில் முன்பு சேவ் செய்த ஆட்டத்தையே திறந்து தொடருங்கள். கஷ்ட அளவை ஆகக் குறைவாக வையுங்கள், நடுவிலேயே மாற்றலாம். பணிகளின் பட்டியலில் இதுவரை நடந்த கதை எழுதப்பட்டிருக்கும், அதைப் படியுங்கள். அப்புறம் முதன்மைக் கதையைத் தொடாமல், சாலையோர நாய்களோடும் கொள்ளையர்களோடும் அரை மணி நேரம் சண்டை போட்டுக் கையைப் பழக்குங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையா? அழித்துவிடுங்கள். 50 ஜிபி இடமாவது மிச்சமாகும்.